நாட்டு நலன் என்பது எது? ஒரு தூதரின் பார்வை



வெளியுறவுக் கொள்கை என்ற சொல் காதில் விழுந்தவுடனே, அது அமைச்சர்களும் தூதர்களும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். விடிவதற்கு முன்னே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுப் பால்மரம் சீவ நிரைக்குள் நுழைந்த குடும்பங்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கவும் தோன்றும். ஆனால், அது நமக்குத் தொடர்பில்லாத விஷயம் அன்று என்பதற்கு நம் குடும்பங்களின் கதையே சாட்சி.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அதன் பிறகு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாமிலும் பர்மாவிலும் ரயில் பாதை போடுவதற்காகக் கொண்டு போகப்பட்டார்கள். போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பி வரவில்லை. பின்னர் 1950 ஜூன் மாதத்தில் கொரியாவில் போர் மூண்டது. நாடுகள் ரப்பரை வாங்கிக் குவித்தன. விலை பல மடங்கு ஏறியது. ஏறிய விலை பிறகு இறங்கியது. இறங்கியபோது கூலிக்கும் ஆபத்து வந்தது. தோக்கியோவிலும் வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த முடிவுகள், அவர்கள் ஒருநாளும் பார்த்திராத நம் லயத்து அடுப்படி வரைக்கும் வந்து சேர்ந்தன.

அப்படியானால், அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எப்படிச் சிந்தித்தார்கள் என்பதை நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? இன்றைய உரையில் அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிப் பேசுவோம். அவர் பெயர் ஜார்ஜ் கென்னன். அமெரிக்கத் தூதர். பழைமையில் பற்றுக் கொண்டவர். வேகமான மாறுதல்களை நம்பாதவர். நாட்டு நலன் என்பது எது, அதை எப்படிக் காப்பது என்பதைப் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுதியவர்.

முதலில் ஆளைப் பார்ப்போம்.

கென்னன் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தார். பிறந்து இரண்டு மாதத்தில் தாயை இழந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ரஷ்ய மொழியை முறையாகக் கற்றார். 1933இல் அமெரிக்கா சோவியத் ஒன்றியத்தை அங்கீகரித்து மாஸ்கோவில் தூதரகம் திறந்தபோது, அங்கே முதலில் போய் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். 1941 டிசம்பரில் ஜெர்மனி அமெரிக்காவின் மீது போர் தொடுத்த நேரத்தில் அவர் பெர்லின் தூதரகத்தில் இருந்தார். நம்மவர்கள் ஜப்பானியர் கையில் சிக்கிய அதே மாதங்களில், கென்னன் ஜெர்மானியர் காவலில் ஐந்து மாதங்கள் அடைபட்டுக் கிடந்தார். விடுதலையான 1942ஆம் ஆண்டிலேயே பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வாங்கினார். நிலமும் மரமும் வேலியும் பழுது பார்க்கும் வேலையும் அவருக்குப் பிடித்தவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருவோம்.

போர் முடிந்தது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் போரில் ஒரே பக்கம் நின்றவை. ஆனால் போர் முடிந்ததும் உறவு கசந்தது. ஸ்டாலின் ஏன் இப்படி நடக்கிறார் என்பது வாஷிங்டனுக்கு விளங்கவில்லை. உலக வங்கியிலும் அனைத்துலகப் பண நிதியத்திலும் சோவியத் ஏன் சேர மறுக்கிறது என்று மாஸ்கோ தூதரகத்திடம் கேட்டார்கள். அப்போது தூதரகப் பொறுப்பில் இருந்த கென்னன் காய்ச்சலோடு படுக்கையில் கிடந்தார். பல நாளாகத் தாம் சொல்லி வந்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. இப்போது கேட்கிறார்களே, முழுவதையும் சொல்லிவிடுவோம் என்று எண்ணி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களில் ஒரு தந்தி அனுப்பினார். அது 1946 பிப்ரவரி 22ஆம் நாள். வரலாற்றில் அதற்கு ‘நீண்ட தந்தி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். சோவியத் தலைவர்கள் வெளி உலகத்தைப் பகையாகப் பார்ப்பதற்குக் காரணம் நாம் செய்த ஏதோ ஒரு காரியம் அன்று. பல நூற்றாண்டாக நாலாபுறமும் படையெடுப்புக்கு ஆளான நாட்டின் அச்சம் அது. மக்களைக் கட்டுக்குள் வைக்க வெளியே ஒரு எதிரி தேவைப்படும் ஆட்சியின் குணமும் அது. இனிப்பான பேச்சால் அதை மாற்ற முடியாது. ஆனால் அதற்காகப் போர் தொடுக்கவும் வேண்டியதில்லை. அவர்கள் ஹிட்லரைப் போலக் குறித்த நாளில் பாய்கிறவர்கள் அல்லர். தடுப்பு உறுதியாக இருந்தால் பின்வாங்குவார்கள். ஆகவே பொறுமையோடும் உறுதியோடும் அந்தப் பரவலைத் தடுத்து நிறுத்தினால் போதும். காலம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

1947 ஜூலையில் இதே கருத்தை ‘எக்ஸ்’ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரையாக எழுதினார். அந்த ஆட்சி தன் அழிவுக்கான வித்தைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டிருக்கக் கூடும் என்றும் அதில் குறிப்பிட்டார். அப்போது அதை நம்பியவர் சிலரே. 1991 டிசம்பரில், மூன்றாவது உலகப் போர் ஒன்று இல்லாமலேயே, சோவியத் ஒன்றியம் கலைந்து போனது. அதைக் கண்ணால் பார்க்கக் கென்னன் உயிரோடிருந்தார்.

தடுத்து நிறுத்துவது என்றால் எப்படி? துப்பாக்கியாலா? கென்னன் மனத்தில் இருந்தது வேறு. 1947இல் ஐரோப்பா இடிந்து கிடந்தது. பசியும் குளிரும் வேலையின்மையும் மக்களை வாட்டின. கென்னன் தலைமையில் அமைந்த கொள்கைத் திட்டக் குழு தன் அறிக்கையில், நோய் கம்யூனிசம் அன்று, வாழ்க்கை சீர்குலைந்து போனதே நோய் என்று சொன்னது. அந்த மக்கள் தங்கள் காலில் நிற்க உதவ வேண்டும். திட்டத்தை அவர்களே போட வேண்டும். நாம் துணை நிற்க வேண்டும் என்றது. அந்த வழியில் பிறந்ததுதான் மார்ஷல் திட்டம். 16 நாடுகளுக்கு ஏறத்தாழ 1,300 கோடி டாலர் உதவி போய்ச் சேர்ந்தது. ஐரோப்பா எழுந்தது, அமெரிக்கச் சரக்குக்கும் சந்தை கிடைத்தது. உதவி செய்தவனுக்கும் நன்மை, பெற்றவனுக்கும் நன்மை. தன் நலனைத் தெளிவாக அறிந்தவன் பிறருக்குக் கெடுதல் செய்தே தீர வேண்டும் என்பதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இனி, அவருடைய சிந்தனையின் நடுவே உள்ள கருத்துக்கு வருவோம். நாட்டு நலன் என்பது எது?

1985ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஒரு கட்டுரையில் கென்னன் இதை விளக்கினார். அரசாங்கம் என்பது முதலாளி அன்று, முகவர். மக்களுக்காக, மக்கள் சார்பில் காரியம் பார்க்கிறது. ஆகவே அதன் முதற்கடமை தன் மக்களின் நலன். அந்த நலன் மூன்று பகுதியாக நிற்கிறது. ஒன்று, நாட்டின் பாதுகாப்பு. இரண்டு, நாட்டின் அரசியல் வாழ்வு பிறர் கைக்குப் போகாமல் இருப்பது. மூன்று, மக்களின் நல்வாழ்வு. இந்த மூன்றும் எந்த நாட்டுக்கும் இயல்பாகவே தேவைப்படுகிறவை. இவற்றை நாடுவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இவற்றை நாடுவதாலே தான் பிறரைவிட உயர்ந்தவன் என்று பெருமை பேசவும் இடமில்லை.

இதை நம் வாழ்க்கையிலிருந்தே புரிந்துகொள்ளலாம். தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் ஒருவரைப் பொருளாளராக வைக்கிறோம். அவர் தாராள மனம் படைத்தவர். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர். தம் சம்பளத்திலிருந்து அவர் எவ்வளவு கொடுத்தாலும் அது தருமம், நாம் பாராட்டுவோம். ஆனால் திருவிழாவுக்கென்று வீடு வீடாகச் சேர்த்த பணத்தை எடுத்து, கமிட்டியைக் கேட்காமல், பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தால்? அதைத் தருமம் என்று சொல்வோமா? ‘அது உன் பணமா?’ என்று கேட்போம். அரசாங்கத்தின் நிலையும் இதுதான் என்கிறார் கென்னன். தனி மனிதனுக்குத் தியாகம் அழகு. பிறர் பொருளையும் பிறர் பிள்ளைகளின் உயிரையும் கையில் வைத்திருக்கும் அரசாங்கத்துக்கு, கணக்குப் பார்ப்பதே அறம்.

இந்தக் கருத்தை வைத்துக்கொண்டுதான் அவர் தம் நாட்டையே கடுமையாகக் கண்டித்தார். 1951இல் வெளிவந்த ‘அமெரிக்க ராஜதந்திரம்’ என்ற நூலில், அமெரிக்கா உலகத்தைச் சட்டப் புத்தகத்தையும் ஒழுக்கப் போதனையையும் கொண்டு நடத்தப் பார்க்கிறது என்று குறை கூறினார். சீனாவைப் பற்றியும் கிழக்கு ஆசியாவைப் பற்றியும் நாற்பது ஆண்டுகளாக உயர்ந்த கொள்கைகளை அறிவித்துக்கொண்டே இருந்தோம்; நம் நலன் எது, எதிரே நிற்பவனின் நெருக்கடி எது என்று நிதானமாக எண்ணிப் பார்க்கவில்லை என்றார். மக்களாட்சி நாட்டை அவர் ஒரு பெரிய ஆதிகால விலங்குக்கு ஒப்பிட்டார். உடம்பு பெரிது, மூளை சிறிது. சேற்றில் சுகமாகப் படுத்திருக்கும்; சுற்றிலும் நடப்பதைக் கவனிக்காது. யாராவது வாலை வெட்டினால்தான் விழிக்கும். விழித்ததும் ஆவேசத்தோடு சுழன்று எதிரியை அழிக்கும். கூடவே தன் குடியிருப்பையும் நாசமாக்கும். கொஞ்சம் முன்னதாகவே கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் இத்தனை அழிவு வேண்டாமே என்பது அவர் கேள்வி.

எதிரியோடு பேசக் கூடாது என்பதையும் அவர் ஏற்கவில்லை. கொரியப் போரில் தென் கொரியாவைக் காக்க அமெரிக்கா இறங்கியதை ஆதரித்தார். ஆனால் 38ஆவது அகலக்கோட்டைத் தாண்டி வடக்கே போக வேண்டாம் என்று எச்சரித்தார். எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்தவில்லை. படை வடக்கே போனது, சீனப் படை உள்ளே புகுந்தது, போர் நீண்டது. 1951ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அதே கென்னனைத்தான் கூப்பிட்டு, ஐக்கிய நாடுகள் மன்றத்தில் சோவியத் பிரதிநிதியாக இருந்த யாக்கோவ் மாலிக்கோடு சத்தமில்லாமல் பேசச் சொன்னார்கள். அந்தப் பேச்சு வழி திறந்தது. ஜூலை 10ஆம் நாள் போர் நிறுத்தப் பேச்சுத் தொடங்கியது. 1953இல் போர் ஓய்ந்தபோது, எல்லை ஏறத்தாழத் தொடங்கிய இடத்திலேயே நின்றது. இடையில் மாண்டவர்களோ பல இலட்சம்.

இவ்வளவு நிதானத்தைப் போதித்தவருக்கும் சறுக்கல் உண்டு, நேயர்களே. 1952இல் அவர் மாஸ்கோவுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். எங்கு போனாலும் பின்தொடரும் காவலும் தனிமையும் அவரை வாட்டின. செப்டம்பரில் பெர்லின் விமான நிலையத்தில் நிருபர்கள் கேட்டபோது, மாஸ்கோ வாழ்க்கை தாம் போர்க்காலத்தில் ஜெர்மானியர் காவலில் இருந்ததைப் போலத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சோவியத் அரசு அவர் திரும்பி வரக்கூடாது என்று அறிவித்துவிட்டது. திருக்குறளில் தூது என்று ஓர் அதிகாரமே வைத்து, தூதுவன் சொல்வன்மை உடையவனாகவும் சொல்லில் சோர்வு படாதவனாகவும் இருக்க வேண்டும் என்று வள்ளுவர் வகுத்திருப்பது எவ்வளவு பொருத்தம்! ஒரே ஒரு வார்த்தையில் ஒரு தூதர் பதவி போனது.

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம். வியட்நாம்.

கம்யூனிசத்தைத் தடுக்க வேண்டும் என்று கென்னன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, உலகத்தின் எந்த மூலையிலும் படையோடு தடுக்க வேண்டும் என்று வாஷிங்டன் பொருள் கொண்டது. நான் சொன்னது அதுவன்று என்று கென்னன் பலமுறை மறுத்தார். 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அமெரிக்க மேலவையின் வெளியுறவுக் குழு முன்னால் சாட்சி சொன்னார். நாம் ஏற்கெனவே அங்கே சிக்கியிராவிட்டால், புதிதாகப் போய்ச் சிக்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை என்பது அவர் வாதம். தவறான நிலையிலிருந்து துணிவோடு விலகிக்கொள்பவனை உலகம் மதிக்கும். எட்டாத இலக்கைப் பிடிவாதமாகத் துரத்துபவனை மதிக்காது என்றார். பிற நாட்டு விடுதலைக்கு நல்வாழ்த்துச் சொல்வோம், ஆனால் அரக்கர்களைத் தேடி ஊர் ஊராகப் போய் அழிப்பது நம் வேலையன்று என்று 1821இல் ஜான் குவின்சி ஆடம்ஸ் சொன்ன கருத்தையும் நினைவூட்டினார்.

அந்தச் சாட்சியம் நடந்துகொண்டிருந்தபோது, சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் அதைக் காட்டாமல், பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றை மறுபடியும் ஒளிபரப்பியது. அதைக் கண்டித்துச் செய்திப் பிரிவின் தலைவர் ஃபிரெட் ஃபிரெண்ட்லி பதவியை விட்டு விலகினார். ஒரு நாட்டின் பிள்ளைகள் சாகப் போகும் போரைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. மக்களுக்குக் காட்டியதோ சிரிப்புப் படம்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். வியட்நாமியரில் மாண்டவர் பல இலட்சம். 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் வீழ்ந்தது. அதன் விளைவு நம் கரைக்கே வந்தது. திரெங்கானுக் கடலோரத்தில் ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள பூலாவ் பீடோங் தீவில் 1978இல் அகதி முகாம் திறந்தார்கள். அடுத்த ஆண்டில் அந்தச் சின்னத் தீவில் சுமார் 40,000 பேர் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். 1991இல்தான் முகாம் மூடப்பட்டது. பெரிய நாடு கணக்குத் தவறினால், வட்டி கட்டுவது சின்ன நாடுகள்.

பண்ணையைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? 1954இல் ஆற்றிய விரிவுரைகளில் கென்னன் ஓர் உவமை சொன்னார். உலக விவகாரத்தில் நாம் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களைப் போல நடக்கக் கூடாது, தோட்டக்காரர்களைப் போல நடக்க வேண்டும் என்றார். இதற்கு நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. பால்மரக் கன்றை நட்டவுடன் பால் வெட்ட முடியுமா? ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகச் சீவினால் பட்டை காயப்பட்டு, மரம் பாழாகும். மழை பெய்கிறதென்று மரத்தோடு சண்டை போட முடியாது. பிற நாட்டு மக்களின் வாழ்வும் அப்படித்தான். அது அவர்கள் மண்ணில், அவர்கள் பருவத்தில் வளரும். நாம் பிடித்து இழுத்து வளர்க்க முடியாது என்பது அவர் முடிவு.

இதுவரை கேட்டுவிட்டு, கென்னன் பெரிய ஞானி, அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மறுபக்கத்தையும் நாம் பார்த்தே ஆக வேண்டும். முக்கியமாக, நாம் பார்க்க வேண்டும்.

1938இல் அவர் எழுதி, வெளியிடாமல் வைத்திருந்த ஒரு கட்டுரை இருக்கிறது. அதில் பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் குடியேறி வந்தவர்களுக்கும் வாக்குரிமை இருக்கக் கூடாது என்ற கருத்தை முன்வைத்திருக்கிறார். கப்பலேறி வந்து, காட்டை வெட்டி, கன்று நட்டு, பிறகு குடியுரிமைக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாம். அந்தக் கணக்குப்படி, நம் தாத்தாவுக்கும் வாக்கில்லை, நம் பாட்டிக்கும் வாக்கில்லை. முதிய வயதிலும் குடியேற்றத்தை அவர் விரும்பவில்லை.

1948 பிப்ரவரியில் எழுதிய இரகசிய அறிக்கை ஒன்றில், உலக மக்கள்தொகையில் அமெரிக்கர் 6.3 விழுக்காடுதான், ஆனால் உலகச் செல்வத்தில் ஏறத்தாழப் பாதி நம்மிடம் இருக்கிறது என்று கணக்குக் காட்டினார். இந்த ஏற்றத்தாழ்வை நம் பாதுகாப்புக்குக் கேடு வராமல் காப்பாற்றிக்கொள்வதே நம் வேலை என்றார். ஆசியாவைப் பொறுத்தவரை மனித உரிமை, வாழ்க்கைத் தர உயர்வு, மக்களாட்சி என்றெல்லாம் பேசுவதை நிறுத்திவிடலாம் என்றும் எழுதினார். ஆசிய மக்கள் பசித்திருப்பது அவருக்குத் தெரியும். அது அவர் கணக்கேட்டில் சேரவில்லை.

தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியை வெளியிலிருந்து நெருக்கித் திருத்த முடியும் என்பதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை; 1971இல் அப்படியே எழுதினார். ஆனால் அதற்குப் பதினோராண்டு முன்னரே, சுதந்திரம் பெற்று மூன்று ஆண்டுகூட நிறையாத நம் மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1960 காமன்வெல்த் மாநாட்டில் அந்த நிறவெறியைக் கேள்வி கேட்டார். மறு ஆண்டே தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்திலிருந்து வெளியேறியது. 1990இல் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார். அந்தப் பெரிய மாற்றத்தைச் செய்தவர்கள் தென்னாப்பிரிக்க மக்களே. ஆனாலும் வெளியிலிருந்து வந்த நெருக்குதல் வீணாகப் போகவில்லை. அறம் பேசுவது எப்போதும் வெறும் பேச்சு என்று கென்னன் நினைத்தது இங்கே பொய்த்தது.

இங்கேதான் ஒரு பெரிய நாட்டுத் தூதருக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. பெரிய நாட்டுக்குப் படை இருக்கிறது, பணம் இருக்கிறது. சட்டம், ஒழுக்கம், உலகப் பொதுமன்றம் ஆகியவை அதற்கு இடைஞ்சலாகத் தோன்றலாம். சிறிய நாட்டுக்கோ அவைதான் வேலி. சங்கம் இல்லாத தொழிலாளி தனியாக நின்று துரையிடம் கூலி பேச முடியுமா? சிறிய நாடும் அப்படித்தான். கூடி நின்றால்தான் குரல் எழும். 1967 ஆகஸ்ட் 8ஆம் நாள் ஆசியான் அமைந்ததற்கும், 1971 நவம்பரில் கோலாலம்பூரில் இந்த வட்டாரம் அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் உள்ள பகுதியாக இருக்க வேண்டும் என்று அறிவித்ததற்கும் இதுவே காரணம். 1974 மே மாதத்தில் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங் சென்று சீனாவோடு தூதரக உறவு ஏற்படுத்தினார். உள்நாட்டில் கம்யூனிஸ்டுகளோடு போராட்டம் முடியாத நேரம் அது. நட்பு வேறு, உறவு வேறு. பிடிக்காதவனோடும் பேசித்தான் ஆக வேண்டும் என்ற கென்னனின் பாடத்தை, அவரைக் கேட்காமலேயே நம் நாடு நடத்திக் காட்டியது.

கென்னன் கடைசிவரை பேசுவதை நிறுத்தவில்லை. 1997 பிப்ரவரியில், தமது 93ஆம் வயதில், நேட்டோ கூட்டணியை ரஷ்யாவின் எல்லையை நோக்கி விரிவுபடுத்துவது பனிப்போருக்குப் பிந்திய அமெரிக்கக் கொள்கையின் மிகப் பெரிய தவறாகும் என்று எழுதினார். அது ரஷ்யாவில் தேச வெறியைக் கிளறும் என்று அஞ்சினார். 2002இல் ஈராக் போர் வேண்டாம் என்றார். 2005 மார்ச் 17ஆம் நாள், 101 வயதில் மறைந்தார். 2022இல் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தபோது பலர் அவருடைய எச்சரிக்கையை நினைவுகூர்ந்தார்கள். ரஷ்யாவுக்கு அஞ்சித்தான் அந்தச் சிறிய நாடுகள் தாமாகவே கூட்டணியைத் தேடி வந்தன, அவர்களுடைய அச்சத்தைக் கென்னன் எண்ணிப் பார்க்கவில்லை என்று வேறு பலர் மறுத்தார்கள். இரண்டு வாதத்திலும் பொருள் இருக்கிறது. உக்ரேன் நமக்கு எங்கோ தொலைவில் உள்ள நாடு. ஆனால் 2014 ஜூலை 17ஆம் நாள், கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்.எச்.17 விமானம் அந்த நாட்டின் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டார்கள். தொலைவு என்று எதைச் சொல்வது?

ஆகவே நேயர்களே, இந்தத் தூதரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டு, விட வேண்டியதை விடுவோம். நெல்லைப் புடைத்து எடுப்பது போல. இனி வானொலியில் செய்தி கேட்கும்போதும், பிள்ளைகள் பத்திரிகையை வாசித்துக் காட்டும்போதும், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். ஒரு தலைவர் நாட்டு நலன் என்று சொன்னால், யாருடைய நலன் என்று கேட்போம். எதிரி என்று ஒருவனைக் காட்டினால், அவன் ஏன் அப்படி நடக்கிறான் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்போம். வீரமாக ஒரு காரியத்தைத் தொடங்கினால், அதன் செலவை யார் கொடுப்பார்கள் என்று கேட்போம்.

முதல் இரண்டு கேள்விகளைக் கென்னன் நமக்குச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது கேள்வியைச் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள். அதை மறக்காமல் இருப்போம்.